ஒரு உலைக்கு ஒரு பிடி

ஊசிமலைத் தோட்டம், மேல் டிவிஷன்,
எல்கடுவ.
4.11.1973

கர்த்தருக்குள் அன்பான தங்கச்சி பரிமளத்துக்கு அக்கா எப்சிபாள் எழுதுவது. நானும் உன் மச்சானும் பிள்ளை தபித்தாளும் உயிரோடு இருக்கிறோம். இந்தக் காலத்தில் அதற்கு மேல் சுகம் விசாரிப்பது பேராசை. நீயும் உன் வீட்டுக்காரரும் நல்லபடி இருக்க வேண்டுமென்று ஜெபிக்கிறேன்.

நீ தம்புள்ளைக்குப் போய் எங்களை மறந்துவிட்டாயோ என்று கேட்பதற்காக எழுதவில்லை. நீ மறக்கவில்லை என்பதைப் போன ஞாயிறு சபையே கேட்டுவிட்டது. நம் யோவேல் உபதேசியார் அந்தப் பக்கத்தில் சிதறிக் கிடக்கும் நாலு கிறிஸ்தவ வீடுகளில் ஜெபம் நடத்திவிட்டு வரும்போது உன் பிடியரிசிப் பையைக் கொண்டுவந்தார். மற்றப் பெண்கள் கொண்டுவந்ததெல்லாம் சேலை முந்தானையில் முடியக்கூடிய அளவு. உன் பை மட்டும் பீடத்துக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

போதகர் ஐயா அன்றைக்குக் கர்த்தர் தம் ஜனத்தைக் கூட்டிவந்த வனாந்தரத்தைப் பற்றிப் பேசினார். பசியில் நடத்திவந்த வழியை மறக்கக் கூடாது, இல்லாத நாளிலும் சொன்ன சொல்லுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம், "நம்ம பரிமளத்தப் பாருங்க. கோயிலும் இல்ல, மணியும் இல்ல. அந்தக் காட்டுல இருந்துக்கிட்டு அவ மறக்கல" என்றார். சபை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. மாதர் சங்கத் தலைவி நான். என் மடியில் இருந்த முடிச்சு ஒரு கோழிக்குக்கூடக் காணாது. கையால் மூடிக்கொண்டேன்.

உலை வைத்தால்தானேடி பிடி எடுக்க முடியும்? இங்கே வாரத்தில் மூன்று நாள்தான் காலைப் பிரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்கிறார்கள். அரசாங்கம் ஆளுக்கு அளந்து கொடுக்கிற கூப்பன் அரிசி இரண்டு நாளைக்கு வரும். மற்ற நாளெல்லாம் மரவள்ளிக்கிழங்கு, கிடைத்தால் கோதுமைமா ரொட்டி. ஒரு உலைக்கு ஒரு பிடி, அரிசி களைவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அம்மா நமக்குப் பழக்கினது. உன் பையைத் தூக்கிப் பார்த்தேன். அதை வைத்துப் பார்த்தால் நீ மூன்று வேளையும் சோறு பொங்குகிறாய். பொங்கு, நல்லது. வெளிநாட்டு மிளகாயை அரசாங்கம் நிறுத்தினதில் இருந்து உன் வீட்டுக்காரர் மாதிரி காட்டை வெட்டி மிளகாய்ச் சேனை போட்டவர்களுக்கு ராஜயோகம் என்று கடைவீதியில் பேசிக்கொள்கிறார்கள்.

அம்மா என் கையைத்தான் பெரிய கை என்பாள், நினைவிருக்கிறதா?

உபதேசியார் அடுத்த மாதம் வரும்போது ஒரு பொட்டலம் காய்ந்த செத்தல் மிளகாய் கொடுத்துவிடு. கிழங்குக்கு இடித்துத் தொட்டுக்கொள்ள ஆகும். மிளகாய்க்காரி வீட்டில் அது ஒரு பெரிய காரியமில்லை.

உன்னைத் தினமும் நினைக்கிற,
அக்கா எப்சிபாள்

*

தம்புள்ளை
20.11.1973

என் அன்பான அக்காவுக்குப் பரிமளம் தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் எழுத்தைப் பார்த்ததும் உங்கள் குரலே கேட்டது. திட்டுகிற குரல்தான், ஆனாலும் ஆசையாக இருந்தது. மச்சானுக்கு இருமல் எப்படி? தபித்தாளுக்குப் பல் விழுந்து முளைத்துவிட்டதா?

நாங்கள் சுகம்.

அன்றைக்குக் கோயிலில் என்ன பாட்டுப் பாடினார்கள் அக்கா? அதை எழுதவே இல்லையே. நற்கருணை இருந்ததா? நான் எடுத்தது போன உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு. இங்கே ஞாயிற்றுக்கிழமையும் மற்ற நாள் மாதிரியே விடிகிறது. பக்கத்து வளவு ஆஸியா உம்மா நல்ல மனுஷி. அவர்கள் வீட்டில் வெங்காயம் கட்டுகிற இடத்தில்தான் நான் பகலெல்லாம் இருப்பேன். பாங்கு சத்தம் கேட்டு அவர்கள் தொழப் போகிற நேரத்தில் நானும் எங்கள் குடிசைக்குள் போய் முழங்கால் போடுகிறேன். மணிச் சத்தம் இல்லாத குறைக்கு அதுதான் எனக்கு மணி.

மிளகாயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தப் பக்கம் எல்லாரும் மிளகாயைப் பற்றியேதான் பேசுகிறார்கள். விலை நீங்கள் சொன்னது போலத்தான்.

போதகர் ஐயா என்னைப் பற்றி அப்படியா சொன்னார்? எந்த வார்த்தையில் சொன்னார் என்று இன்னொரு தடவை எழுதுங்களேன்.

தபித்தாளின் இரண்டு கன்னத்திலும் முத்தம்.
பரிமளம்

*

ஊசிமலை
16.12.1973

பிரியமுள்ள பரிமளத்துக்கு, அக்கா. மச்சான் இருமல் அப்படியேதான் இருக்கிறது, அதுவும் வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது. பனி விழுந்து லயத்தில் நம் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் சுவர் ஈரம். தபித்தாளுக்கு முன்பல் முளைத்து, சிரித்தால் முயல்குட்டி மாதிரி இருக்கிறாள். உன் வீட்டில் சுகத்துக்குக் குறைவில்லை என்று நம்புகிறேன்.

எந்த வார்த்தையில் சொன்னார் என்றா கேட்கிறாய்? நான் எழுதமாட்டேன். உனக்குப் புகழ்ச்சி வேண்டுமானால் பஸ் ஏறி வந்து கேட்டுக்கொள்.

இந்த மாதம் உன் பை போன மாதத்தை விடப் பெரிது. உபதேசியார் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். வழியில் அரிசித் தடையில் பொலிஸ்காரர் பஸ்ஸை நிறுத்திப் பையை அவிழ்த்துப் பார்த்தாராம். ஆளுக்கு இரண்டு கொத்து அளவுக்கு மேல் அரிசி கொண்டுபோகக் கூடாதென்ற சட்டம் உனக்கும் தெரியுமே. "கோயில் அரிசி மஹத்தயா" என்றதும் விட்டுவிட்டாராம். அதையும் ஒரு அற்புதம் மாதிரி சபையில் சாட்சி சொன்னார். நம் சங்கத்து நல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கண்ணில் ஒன்றும் வரவில்லை, வயிற்றில்தான் எரிந்தது.

நான் ஒளித்துவைத்துப் பேசத் தெரியாதவள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது பரிமளம். பிறந்ததில் இருந்து இந்தக் கோயிலைக் கூட்டுகிறவள் நான். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிறவள் நான். அம்மாவைக் கடைசி வரைக்கும் தூக்கிப் பார்த்தவளும் நான்தான். நீ கலியாணம் முடித்து அந்தப் பக்கம் போனாய். இப்போது உன் பேர் பீடத்தில் கேட்கிறது, என் பேர் கோயில் சலவைத் துணிக் கணக்கில் இருக்கிறது.

செத்தல் வரவில்லை. பையின் அடியில் கையை விட்டுக்கூடப் பார்த்தேன். கோயிலுக்குக் கொடுக்கிற கை கூடப்பிறந்தவளுக்கு நீளவில்லை.

ஒரு செய்தி. தோட்டத்தில் பிள்ளைகளெல்லாம் எலும்பும் தோலுமாக இருக்கிறார்கள் என்று, வருஷம் பிறந்ததும் பிடியரிசியை விற்காமல் வாரத்துக்கு இரண்டு நாள் கஞ்சி காய்ச்சி ஊற்ற வேண்டும் என்று போதகர் ஐயா சொல்லிவிட்டார். லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும், நம் சபை, வேறு சபை, இந்துக் கோயில் பூசாரி வீட்டுப் பிள்ளை என்று பார்க்கக் கூடாதாம். காய்ச்சுகிற வேலை எனக்கு.

கிறிஸ்து பிறந்த நத்தார் பண்டிகையை மனநிறைவாகக் கொண்டாடு.
எப்சிபாள்

*

தம்புள்ளை
6.1.1974

அக்காவுக்கும் மச்சானுக்கும் என் தங்கமான தபித்தாளுக்கும் புது வருஷத்தில் தேவன் கூடவே இருக்கட்டும். இங்கே எல்லாரும் சுகம். எனக்குக் கொஞ்சம் தலைச்சுற்று வந்து போகிறது, வெயில்தான் காரணம்.

செத்தல் அனுப்பவில்லை என்று கோபிக்காதீர்கள் அக்கா. இந்தப் போகம் கையில் நிற்கவில்லை. அடுத்த போகத்துக்குப் பார்க்கலாம். அவர் ஒரு வேலையாகப் பல்லேகமப் பக்கம் போயிருக்கிறார். நத்தாருக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பஸ் கிடைத்திருக்காது.

கஞ்சி காய்ச்சுவது நீங்கள் என்று கேட்டதில் இருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. எந்த அண்டாவில் காய்ச்சுகிறீர்கள், அம்மாவின் அறுப்புப் பண்டிகை அண்டாவிலா? பால் விடுகிறீர்களா, தேங்காய்க்கு எங்கே போவீர்கள்? பிள்ளைகள் எந்தப் பக்கம் வரிசை நிற்கிறார்கள், கிணற்றுப் பக்கமா, மணிக்கூண்டுப் பக்கமா? எல்லாம் எழுதுங்கள், நான் கண்ணை மூடிப் பார்த்துக்கொள்கிறேன்.

தபித்தாளுக்கு முதல் அகப்பை ஊற்றுங்கள்.

உங்கள் பரிமளம்

*

ஊசிமலை
3.2.1974

பரிமளத்துக்கு. வந்து சேர்ந்தது உன் கடிதம். தலைச்சுற்றுக்கு மல்லித் தண்ணீர் குடி. எங்கள் சுகத்தைக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் என் வயிற்றெரிச்சலைக் கேள்.

அம்மாவின் அண்டாதான். தேங்காய் கிடையாது, உப்பும் வெந்தயமும்தான். மணிக்கூண்டுப் பக்கம் வரிசை. முதல் நாள் முப்பது பிள்ளைகள் இருக்கும், இப்போது கீழ் டிவிஷனில் இருந்தும் தட்டோடு வந்துவிடுகிறார்கள். எல்லார் அரிசியையும் ஒன்றாகத்தான் கொட்டுகிறோம். ஆனால் அதில் முக்கால்வாசி உன் பை அரிசிதான் என்று எல்லாருக்கும் தெரியும்.

இரண்டாம் வாரம் தபித்தாள் தட்டோடு நின்றுகொண்டு பின்னால் நின்ற பிள்ளையிடம், "இது எங்க சித்தி கஞ்சி, தெரியுமா?" என்றாள். அவ்வளவுதான். மறுநாளே தோட்டம் முழுக்க அதே பேர் ஆகிவிட்டது. "சித்தி கஞ்சி ஊத்துறாங்க, ஓடியா, ஓடியா!" என்று லயத்துக்கு லயம் கத்துகிறார்கள். விடிவதற்கு முன்னால் விறகு பொறுக்கினவள் நான், புகையில் கண் வீங்கினவள் நான், கை சுட்டுக்கொண்டவள் நான். பேர் சித்தி கஞ்சி!

அன்றைக்கே தபித்தாளை வரிசையில் இருந்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் பிள்ளைக்குச் சோறு போட எனக்குத் தெரியும். தலைவி வீட்டுப் பிள்ளை தங்கச்சி வீட்டுத் தயவில் தட்டு நீட்டினாள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. போதகர் ஐயா, "எல்லாப் பிள்ளையும் குடிக்கணும்னு சொன்னேனே எப்சிபா, ஒம் பிள்ள எங்க?" என்று கேட்டார். "வீட்டுல சாப்பிட்டா ஐயா" என்று சொன்னேன். அது பொய் இல்லை. கிழங்கு சாப்பிட்டிருந்தாள்.

நாங்கள் சுகம்.
எப்சிபாள்

*

தம்புள்ளை
24.2.1974

அன்புள்ள அக்காவுக்கு ஆயிரம் தோத்திரம். மச்சான் இருமல் குறைய வேண்டிக்கொள்கிறேன்.

இதை ஆஸியா உம்மா மகள் கையால் எழுதுகிறேன், எனக்குக் கை நடுங்குகிறது. பயப்பட ஒன்றுமில்லை. என்மேல் உள்ள கோபம் என்மேலேயே இருக்கட்டும். அந்தக் கஞ்சிக்கு என் பேர் வேண்டாம், எப்சிபா கஞ்சி என்று கூப்பிடச் சொல்லுங்கள். தபித்தாளை வரிசையில் விடுங்கள். அவள் குடித்தாளா இல்லையா? வேறு ஒன்றும் எழுதாவிட்டாலும் அந்த ஒரு வரியை எழுதுங்கள்.

பரிமளம்

*

ஊசிமலை
17.3.1974

பரிமளத்துக்கு, அக்கா எழுதுவது. எல்லாரும் இருக்கிறோம்.

லெந்து காலம் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை ஒருவேளை உபவாசம் இருங்கள் என்று போதகர் ஐயா சொன்னார். நல்லம்மா என் காதில், "அக்கா, மத்த நாளு என்ன செய்யச் சொல்றாரு?" என்றாள். கோயிலில் சிரிக்கக் கூடாதென்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். சிரித்து எவ்வளவு நாளாகிவிட்டது.

மழை இல்லை. தேயிலைக் கொழுந்தும் இல்லை. உன் மச்சான் கீழே கொக்கோ தோட்டத்தில் இரண்டு நாள் வேலை கிடைக்குமா என்று நடையாக நடக்கிறார்.

உன் பை இந்த மாதமும் வந்தது. எப்சிபா கஞ்சி என்று கூப்பிடச் சொல்லவா? நீ பிச்சை போட்டு எனக்குப் பேர் வேண்டாம்.

தபித்தாளுக்குக் காலில் கொஞ்சம் வீக்கம். குளிரால் இருக்கும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயா ஏதோ சொன்னார். அதையெல்லாம் எழுத இடமில்லை.

எப்சிபாள்

*

ஊசிமலை
16.4.1974

என் பரிமளமே,

உன்னிடம் இருந்து பதில் இல்லை. பை மட்டும் வந்தது. இந்தத் தடவை சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன், பொறுமையாகப் படி.

உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, அண்டாவை ஏற்றுவதற்கு முன்னால் நானும் நல்லம்மாவும் கோயில் படியில் உட்கார்ந்து அரிசி புடைத்தோம். எப்போதும் உன் பையை நான் புடைப்பதில்லை. அவளிடம் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அன்றைக்கு அவள் சுளகை நிறுத்திவிட்டு, "அக்கா, பை மாறிப்போச்சா?" என்றாள்.

"ஏன்டி?"

"இது நம்ம கூப்பன் அரிசி மாதிரியில்ல இருக்கு."

வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தேன். கூப்பன் அரிசியை எனக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்த மக்கின சாக்கு வாடை, அந்த மஞ்சள், பல்லை உடைக்கிற அந்தக் கறுப்புக் கல். தம்புள்ளைச் சேனைக்காரர் வீட்டு அரிசி சிவப்பாக, குண்டாக இருக்க வேண்டும். உன் பையில் ஒரு மணி சிவப்பு இல்லை. பையை முழுக்கச் சுளகில் கொட்டிக் கிளறினேன். எல்லாம் கூப்பன் அரிசி.

கூப்பன் அரிசியில் மூன்று வேளை உலை வைக்க யாராலும் முடியாது பரிமளம். அது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? உன் பையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, ஒரு உலைக்கு ஒரு பிடி என்று கணக்குப் போட்ட முட்டாள் நான். அந்தப் பை நிறைய வேண்டுமானால் நீ உலையே வைத்திருக்கக் கூடாது.

சுளகை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். யோவேல் உபதேசியார் பண்டிகைக்குப் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உபதேசியாரே, எந் தங்கச்சி என்ன திங்கிறா?"

"ஏம்மா, நாளைக்குப் பண்டிகைய வச்சிக்கிட்டு இப்ப என்னா..."

"என்ன திங்கிறான்னு கேட்டேன்."

"சொல்லமாட்டேன்னு அந்தப் பிள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கேம்மா."

"நீங்க வாக்கக் காப்பாத்துங்க. நான் இந்தப் படியிலயே உக்காந்துக்கிறேன். கஞ்சியும் இல்ல, பண்டிகையும் இல்ல."

பாவம் மனுஷன், துணியை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். உங்கள் சேனையில் மிளகாய் பூக்கிறதுக்கு முன்னாலேயே இலை சுருண்டு போனதையும், உன் வீட்டுக்காரர் கூலிக்குப் பல்லேகமக்குப் போய் இன்னும் திரும்பாததையும், நீ ஆஸியா உம்மா வீட்டு வெங்காயம் கட்டி அந்தக் கூலியில் கிழங்கு வாங்கித் தின்பதையும், போன மாதம் வெங்காயக் குவியல்மேலேயே மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் சொன்னார். "கூப்பன் அரிசிய அப்படியே பையில கொட்டி வச்சிருதும்மா. நான் சத்தம் போட்டேன். கேக்கல" என்றார்.

அப்போதிக்கரி ஐயா என்ன சொன்னார் என்று நான் எழுதவில்லையே, இப்போது எழுதுகிறேன். "பிள்ளைக்கு வியாதின்னு ஒண்ணும் இல்லம்மா. பசி. கோயில்ல கஞ்சி ஊத்துறாங்களே, அங்க கூட்டிட்டுப் போங்க" என்றார். ஊற்றுகிறவளிடமே சொன்னார்! நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அதற்கப்புறமும் அனுப்பவில்லை.

உபதேசியார் சொல்லி முடித்ததும் லயத்துக்குப் போனேன். தபித்தாள் இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கில் படுத்திருந்தாள். நடக்கச் சொன்னால் கால் வலிக்கிறது என்றாள். தூக்கி இடுப்பில் வைத்தேன். ஆறு வயதுப் பிள்ளை, பரிமளம். இடுப்பில் பாரம் ஒன்றும் தெரியவில்லை.

கோயிலுக்கு வந்து, அகப்பையை நல்லம்மாவிடம் கொடுத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றேன். பிள்ளைகளெல்லாம் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பூசாரி வீட்டுப் பெட்டைப் பிள்ளை, "அக்கா, நீங்க முன்னுக்குப் போங்க" என்று வழி விட்டாள். போகவில்லை. எங்கள் முறை வந்ததும் நல்லம்மா கையில் அகப்பை அப்படியே நின்றது.

"என்னக்கா, நீங்க போயி வரிசையில..."

"ஊத்துடி."

தபித்தாள் தட்டைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தாள். குடித்துவிட்டு வாயைக்கூடத் துடைக்காமல், "இது சித்தி கஞ்சியாம்மா?" என்று என் முகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டே கேட்டாள்.

"ஆமாண்டி, சித்தி கஞ்சிதான்" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். இன்னொரு அகப்பை வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் நற்கருணைக்கு முழங்காலில் நிற்கும்போது அப்பத்தை வாயில் வைத்தேன். நீ நினைவுக்கு வந்தாய்.

இனிமேல் பை வரக் கூடாது. அடுப்பை மூட்டு, சோறு பொங்கு, தின்னு. கர்த்தருக்கு நீ கீழ்ப்படிந்தது போதும், கொஞ்ச நாள் அக்காவுக்குக் கீழ்ப்படி. உடனே பதில் போடு.

உன் எப்சிபாள்

*

தம்புள்ளை
12.5.1974

என் அக்காவுக்கு, பரிமளம் கைப்பட எழுதுவது. கை நடுக்கம் நின்றுவிட்டது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். அவர் பல்லேகமயில் இருந்து வந்துவிட்டார். மெலிந்து போயிருக்கிறார், ஆனாலும் வந்துவிட்டார்.

உபதேசியாரைத் திட்டாதீர்கள். மார்ச் மாதக் கடிதத்தில் எழுத இடமில்லை என்று எழுதியிருந்தீர்கள். தாளில் பாதி வெறுமையாக இருந்தது. அந்த வெறும் பாதியைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, தபித்தாள் கஞ்சி குடிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். அடுத்த பையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் கஞ்சி மிஞ்சும், தபித்தாளையும் கூட்டிவரச் சொல்லிப் போதகர் ஐயா உங்களை வற்புறுத்துவார் என்று நினைத்தேன். எனக்கும் கணக்குத் தெரியாது அக்கா.

எல்லாரும் என்னைப் பெரிய பக்திக்காரி என்று நினைத்திருப்பார்கள். உங்களிடம் அப்படி இருந்துவிட எனக்கு மனசில்லை. முதலில் எடுத்தது பக்தியோடுதான். இங்கே கோயில் இல்லை, பாட்டு இல்லை, நற்கருணை இல்லை. பானையில் கை விட்டு ஒரு பிடி எடுக்கிற நேரத்தில்தான் நான் யார் வீட்டுப் பிள்ளை, யார் ஜனம் என்று நினைவு வரும். அடுப்பு மூட்டாத நாளிலும் மூன்று வேளைப் பிடியை விட மனம் வரவில்லை.

அப்புறம் உபதேசியார் வந்து, "ஒம் பேரத்தான் மொதல்ல சொன்னாரு, அக்கா பேரச் சொல்லல" என்றார். அன்றைக்கு எனக்குப் பசி தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷம். அதற்கப்புறம் பிடி போதவில்லை, அரிசியைப் பையில் கவிழ்க்கத் தொடங்கினேன்.

அம்மா உங்கள் கையைப் பெரிய கை என்பாள், நினைவிருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். அதை மறப்பேனா? நான் பிடி எடுத்துப் போட்டதும், "சின்னவ கை சின்னக் கை, கர்த்தருக்குக் காணாது. எப்சிபா, மேல இன்னொரு பிடி போடு" என்பாள். நீங்கள் வந்து என் பிடிக்கு மேல் உங்கள் பிடியைப் போடுவீர்கள். ஒவ்வொரு நாளும். என் பிடி ஒருநாளும் கணக்கில் வந்ததில்லை. நீங்கள் என்மேல் பொறாமை என்று எழுதினதைப் படித்து நான் அழுதேன். பாவமாக இருந்து அழவில்லை. ஒரு தடவையாவது உங்களுக்கு என்மேல் பொறாமை வந்ததே என்று அழுதேன்.

இப்போது அடுப்பு மூட்டுகிறேன். அக்கா சொல்லைத் தட்டவில்லை. ஆனால் பிடி எடுக்காமல் அரிசி களைய எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. அதை மட்டும் விடச் சொல்லாதீர்கள்.

என் கஞ்சிக்காரிக்கு முத்தம்.
பரிமளம்

*

ஊசிமலை
9.6.1974

என் கூடப்பிறந்த பரிமளத்துக்கு, கர்த்தர் உன் அடுப்பையும் உன் வீட்டுக்காரரையும் ஆசீர்வதிக்கட்டும். தபித்தாள் நடக்கிறாள். நேற்று பிரட்டுக் களம் வரைக்கும் ஓடி, கணக்கப்பிள்ளையிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். திட்டு வாங்குகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதே என்று உன் மச்சான் இருமிக்கொண்டே சிரித்தார். மழை இறங்கிவிட்டது, இந்த வாரம் நாலு நாள் பேர் கொடுத்தார்கள்.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். சின்ன வயதில் அடுப்படியில் நடந்ததை இத்தனை வருஷம் மனதில் வைத்திருந்தாயே என்று கோபம். அதற்கப்புறம், எனக்கு அது நினைவே இல்லையே என்று இன்னும் கொஞ்சம் கோபம். என் கை பெரிது என்று அம்மா சொன்னதுதான் எனக்கு நினைவிருந்தது. கீழே கிடந்த உன் பிடி நினைவில்லை.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். போன ஞாயிறு போதகர் ஐயா என் பேரையும் சொன்னார், உன் பேருக்கு அப்புறம்தான். முகத்தைச் சுளிக்காமல் கேட்டேன். இவ்வளவுதான் என்னால் முடியும்.

யோவேல் உபதேசியார் கையில் ஒரு பை கொடுத்துவிடுகிறேன். இது கோயில் பெட்டியில் இருந்து எடுத்ததில்லை. நம் சபைப் பெண்கள் அவரவர் வீட்டு உலையில் இருந்து உனக்கென்று எடுத்த பிடி. கூப்பன் அரிசிதான், கல்லையெல்லாம் நானே பொறுக்கிவிட்டேன். இரண்டு கொத்துக்குள்தான் இருக்கிறது, பொலிஸ்காரர் அவிழ்த்துப் பார்த்தாலும் பயமில்லை. நல்லம்மா அடியில் ஒரு பொட்டலம் செத்தல் வைத்திருக்கிறாள். மிளகாய்க்காரிக்கு மிளகாய்!

இந்த அரிசியில் நீ பிடி எடுக்கக் கூடாது. எடுப்பாய் என்று தெரிந்துதான் பையைக் கட்டுவதற்கு முன்னால் உன் பேருக்கு ஒரு பிடி எடுத்துக் கோயில் பெட்டியில் போட்டாயிற்று. போட்டது தபித்தாள். "சித்தி பிடி" என்று சொல்லிக்கொண்டே போட்டாள். அவள் விரலிடுக்கில் சிந்தினது போக, பெட்டியில் விழுந்தது கொஞ்சம்தான்.

அதற்கு மேல் நான் இன்னொரு பிடி போடவில்லை.

அக்கா எப்சிபாள்